திரும்பி வருவதற்கு அத்தாட்சி

எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிக்கும் உரிமை வெகு காலமாக என்னிடம் இருந்தது. சென்ற மார்ச் மாதத்தோடு அந்த உரிமை பறிபோய்விட்டது. இப்போதெல்லாம் விடிந்ததும் என் மனைவி எழுந்து தாளைக் கிழிக்கிறாள். கிழித்த தாளின் பின்புறத்தில் இன்னும் மிச்சமிருக்கும் நாட்களின் எண்ணிக்கையைப் பெரிதாக எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டிவிடுகிறாள். இந்தப் பகுதியை நான் எழுத உட்கார்ந்த இன்று காலை கதவில் இருக்கும் எண் 6.

ஆறாம் நாள் இரவு மூலக்கொத்தளத்திலிருந்து நாங்கள் பன்னிரண்டு பேர் இத்தாலி தேசத்துக்குப் புறப்படுகிறோம்.

நேயர்களில் சிலர் புருவத்தை உயர்த்துவது எனக்குத் தெரிகிறது. உயர்த்தட்டும். பட்டணத்தின் மற்றப் பகுதிகளில் வசிப்பவர்களுக்கு எங்கள் பேட்டையைப் பற்றித் தெரிந்த ஒரே சமாசாரம், இங்கே ஒரு மயானம் இருக்கிறது என்பதுதான். மயிலாப்பூரில் ஆட்டோ ஏறி "மூலக்கொத்தளம்" என்று சொல்லிப் பாருங்கள், ஓட்டுகிறவர் உங்கள் முகத்தை ஒரு முறை உற்றுப் பார்த்துவிட்டு, "யாரு சார் தவறிட்டாங்க?" என்று இரக்கத்துடன் விசாரிப்பார். வாஸ்தவத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியார் 18-ம் நூற்றாண்டில் கறுப்பர் பட்டணத்தைச் சுற்றி எழுப்பிய மதிலின் மூலைக் கொத்தளமே எங்கள் பேட்டைக்குப் பெயர் தந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் பூங்கா என்ற பெயரோடு நிற்கிறது. மதிலுக்காகப் போட நினைத்த வரி வால்டாக்ஸ் ரோடு என்ற பெயரில் மட்டும் நிலைத்துவிட்டது. இடிந்த மதிலைப் பார்க்க ரோமாபுரி வரையில் போக வேண்டுமா என்று கேட்டவர்களும் உண்டு. சரித்திர ஆசிரியனாகிய நான் அதற்குத் தகுந்த பதிலைத் தயார் செய்வதற்குள், கேட்டவர்கள் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான்கு வருஷங்களுக்கு முன், ஒரு மழை நாளில், பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் இந்த யோசனை பிறந்தது. ஆளுக்கு மாதம் 5,000 ரூபாய், நாற்பத்தெட்டு மாதம், முடிவில் தலைக்கு 2,40,000 ரூபாய். கணக்கைப் போட்டவர் கணித ஆசிரியர். பணத்தைக் கறாராக வசூலித்தவர் ஓய்வு பெற்ற எங்கள் தலைமை ஆசிரியை அம்மாள். நாற்பத்தெட்டு மாதங்களில் ஒரு கல்யாணம், இரண்டு பிரசவம், ஒரு வெள்ளம் எல்லாம் வந்தன. சீட்டு மட்டும் நிற்கவில்லை. கணித ஆசிரியரும் அவர் மனைவியும், தலைமை ஆசிரியையும் அவருடைய தங்கையும், தேகப்பயிற்சி ஆசிரியர், அச்சாபீஸ் நடத்தும் தம்பதிகள், துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவரும் அவர் மனைவியும், நாங்கள் இருவர், ஆகப் பதினொருவர். பன்னிரண்டாமவர் தமிழ் ஐயா.

எட்டாம் வகுப்பில் எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் அவர். இப்போது வயது எழுபத்தொன்று. மனைவி காலமாகிவிட்டார், குழந்தைகள் இல்லை. மயானத்தை ஒட்டிய தெருவில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருக்கிறார். பென்ஷனில் பாதி புஸ்தகத்துக்கும், பாதியில் பாதி தெருப் பிள்ளைகளின் பேனாவுக்கும் பென்சிலுக்கும் போகும். அப்படிப்பட்டவர் மாதம் 5,000 ரூபாயை ஒரு தடவையாவது தாமதம் செய்ததில்லை. எப்படிச் சமாளித்தார் என்று நாங்களும் கேட்கவில்லை.

எந்த தேசத்துக்குப் போவது என்ற பேச்சு வந்தபோது பெரிய ரகளையே நடந்தது. துறைமுகத்து நண்பர் சிங்கப்பூர் என்றார். தலைமை ஆசிரியை, "காசிக்கே இன்னும் போகவில்லை" என்று ஞாபகப்படுத்தினார். தேகப்பயிற்சி ஆசிரியருக்குக் கால்பந்து ஆடும் தேசம் எதுவானாலும் சம்மதம். எல்லோரும் ஓய்ந்த பிறகு ஐயா மெதுவாகச் சொன்னார்: "எனக்கு ஒரே ஓர் ஊரைப் பார்த்தால் போதும், தம்பி. காஸ்திலியோனே."

அது ஏதோ பிஸ்கோத்தின் பெயர் என்று எங்களில் பாதிப் பேர் நினைத்தார்கள்.

வட இத்தாலியில், மாண்டுவா ஜில்லாவைச் சேர்ந்த சிற்றூர் காஸ்திலியோனே. 1680-ம் வருஷம் நவம்பர் 8-ந் தேதி அங்கே பிறந்த ஒரு குழந்தைக்குக் கொன்ஸ்தான்ஸோ பெஸ்கி என்று பெயர். அந்தப் பையன் வளர்ந்து ஏசு சபையில் சேர்ந்தான். 1710-ல் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பலேறினான். மறு வருஷத்திலிருந்து மதுரை மிஷனில் பணி செய்தான். அதற்கு மேல் அவனை "அவன்" என்று எழுத எனக்குத் துணிவில்லை. ஏனென்றால் அவரே வீரமாமுனிவர். தேம்பாவணி பாடியவர், 1732-ல் சதுரகராதி தொகுத்தவர், பரமார்த்த குருவையும் அவருடைய சீடர்களையும் நம்மிடம் விட்டுச் சென்றவர். 1968-ல் உலகத் தமிழ் மகாநாட்டை ஒட்டி மெரீனாவில் நிறுத்திய சிலைகளில் அவருடைய சிலையும் ஒன்று. மாலையில் காற்று வாங்கப் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள்.

பெரிய நூல்களை விடுங்கள். பழைய ஓலைகளில் எகரத்துக்குப் புள்ளி வைத்தால் குறில், வைக்காவிட்டால் நெடில். ஒகரத்துக்கும் அப்படியே. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். எது குறில், எது நெடில் என்பது படிக்கிறவனுடைய தலையெழுத்து. இந்தத் தொல்லைக்குப் பரிகாரமாக ஏகாரத்துக்குக் கீழே ஓர் இழுப்பும், ஓகாரத்துக்கு ஒரு சுழியும், கொம்புக்கு இரட்டைச் சுழியும் தந்தவர் அவர் என்று சொல்வது வழக்கம். நேயர்கள் இந்தப் பக்கத்தில் காணும் ஒவ்வொரு 'ஏ'யிலும் ஓர் இத்தாலியரின் கை இருக்கிறது. எட்டாம் வகுப்பில் ஐயா கரும்பலகையில் ஏகாரத்தை எழுதி, கடைசி இழுப்பை இழுத்துவிட்டு, "இந்த வால் இத்தாலியிலிருந்து வந்தது" என்பார். அந்த வால் வந்த ஊரை ஒரு முறை பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

இத்தாலி என்று தீர்மானமாயிற்று. காஸ்திலியோனே என்று தீர்மானமாகவில்லை. பிரயாணக் கம்பெனிக்காரர் கொண்டுவந்த பட்டியலில் ரோம், பிளாரன்ஸ், பைசா, வெனிஸ், மிலான் என்று ஊர்கள் ரயில்வே கைடு மாதிரி வரிசையாக நின்றன. காஸ்திலியோனே வெரோனாவுக்கும் மிலானுக்கும் நடுவில், கார்தா ஏரிக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது. போகிற வழிதான். ஆயினும் அந்தத் தேசங்களில் பஸ் ஓட்டுகிறவர் சாதாரணமாக ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி ஓய்வெடுக்க வேண்டும் என்று சட்டம். நம் ஊர் லாரிக்காரர்கள் கேட்டால் கண்ணீர் விடுவார்கள். அன்றைய தினத்தில் ஏற்கெனவே ஒரு மலிவு விலைக் கடைத்தெருவுக்கு அரை நாள் ஒதுக்கியிருந்தது. காஸ்திலியோனே வேண்டுமானால் கடைத்தெருவை விட்டுவிட வேண்டும் என்றார் கம்பெனிக்காரர்.

ஓட்டெடுத்தோம். கடைத்தெருவுக்கு ஏழு, காஸ்திலியோனேக்கு ஐந்து. நேயர்களிடம் ஒளிப்பானேன்? அந்த ஏழில் என் கையும் ஒன்று. என் பெண்ணுக்கு ஒரு தோல் கைப்பை வாங்கி வருவதாக வாக்களித்திருந்தேன். ஐயா என் கையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்தில் விடைத்தாளில் தப்புப் போட்டால் பிரம்பை எடுக்காமல் இப்படித்தான் பார்ப்பார்.

விஷயத்தை மாற்றியது நான் அல்ல. கணித ஆசிரியரின் மனைவி. அந்த அம்மாள் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தவர். மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து, "சார், அந்த ஊர்ப் பேரை நான் டிரெயினிங்கில் படிச்சிருக்கேன்" என்றார். 1859-ம் வருஷம் ஜூன் 24-ந் தேதி ஸோல்பெரினோவில் பிரெஞ்சு-இத்தாலியப் படைகளுக்கும் ஆஸ்திரியப் படைக்கும் மகா யுத்தம் நடந்தது. காயம்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து போட்ட ஊர் பக்கத்திலிருந்த காஸ்திலியோனே. கோவில்களும் வீடுகளும் வீதிகளும் நிரம்பின. அந்த ஊர்ப் பெண்கள், நம்மவன் எதிரி என்று பாராமல், எல்லோரும் சகோதரர்களே என்று சொல்லி இரு பக்கத்தாருக்கும் கட்டுக் கட்டினார்கள். அதைக் கண்ணால் கண்டு கூடவே நின்று உழைத்த ஹென்றி டுனாண்ட் என்பவரின் மனத்தில் உதித்ததுதான் செஞ்சிலுவைச் சங்கம். சங்கத்தின் பொருட்காட்சி சாலை ஒன்றும் அந்த ஊரில் இருக்கிறது. "கைப்பையைப் பர்மா பஜாரில் வாங்கிக்கலாம், சார்" என்று முடித்தார் அந்த அம்மாள். மறு ஓட்டில் காஸ்திலியோனேக்கு ஒன்பது. எதிர்த்த மூவரின் பெயரை நாகரிகம் கருதி விடுகிறேன். அவர்களில் நான் இல்லை.

பிறகு விஸா. இதைப் பற்றித்தான் இந்த வாரம் முக்கியமாக எழுத வேண்டும்.

35 மில்லிமீட்டருக்கு 45 மில்லிமீட்டர் அளவில் சிரிக்காத முகத்துடன் ஒரு போட்டோ. பாங்கிக் கணக்கு. வருமானவரிப் பத்திரம். உத்தியோகத்திலிருப்பவர்களுக்கு லீவுக் கடிதமும் தடையில்லாச் சான்றும். ஹோட்டல் ரசீது. 30,000 யூரோவுக்குக் குறையாத வைத்திய இன்ஷூரன்ஸ். போகவர விமான டிக்கெட்டு. பத்து விரல் ரேகை. 2024-ம் வருஷம் ஜூன் மாதத்திலிருந்து கட்டணம் 90 யூரோ. கொடுத்தால் திரும்பாது. காகிதங்களை அடுக்கி நூல் கட்டியபோது, என் எம்.ஏ. பட்டத்துக்குக்கூட இவ்வளவு காகிதம் தேவைப்படவில்லை என்று தோன்றியது.

இத்தனை காகிதங்களும் கூடிச் சொல்ல வேண்டிய சேதி ஒன்றே ஒன்றுதான்: "இவன் திரும்பி வந்துவிடுவான்." உனக்கு வீடு இருக்கிறதா, வேலை இருக்கிறதா, மனைவி மக்கள் இருக்கிறார்களா என்று கேட்பதெல்லாம் குசலப் பிரச்னம் அல்ல. மனுவை நிராகரிக்கும் காரணங்களில் ஒன்று, குறித்த கெடுவுக்குள் இவர் எங்கள் நாட்டை விட்டுப் போவாரா என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வீரமாமுனிவர் ஞாபகம் வந்துவிடும். அவர் இன்று நம் தேசத்துக்கு வர மனுப் போட்டால் என்ன ஆகும்? கல்யாணம் ஆகவில்லை, பாங்கியில் பணமில்லை, திரும்பும் டிக்கெட்டு இல்லை, எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற கேள்விக்கு ஆயுள் பரியந்தம் என்று பதில். முதல் மேஜையிலேயே மனுவைத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். நமக்கு ஏகாரத்தின் வால் கிடைத்திராது.

மற்றப் பதினொருவருக்கும் காகிதம் சரியாக இருந்தது. ஐயாவின் முறை வந்தபோது கம்பெனிக்காரர் உதட்டைப் பிதுக்கினார். சொந்த வீடு? இல்லை. நிலம்? இல்லை. மனைவி? இல்லை. பிள்ளைகள்? இல்லை. உத்தியோகம்? முடிந்துவிட்டது. "ரொம்பக் கஷ்டம், சார். யாராவது சொந்தக்காரர் வீட்டுப் பத்திரத்தை உங்க பேர்ல காட்டலாமே?" என்றார். ஐயா, "என் பேரில் இல்லாததை இருக்கிறதென்று எழுதுவதற்கு எனக்குத் தமிழ் வராது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

அன்று இரவு ஒரு முழுத்தாளை என்னிடம் கொடுத்து, இங்கிலீஷில் ஆக்கித் தரச் சொன்னார். அதிலே எழுதியிருந்தது இவ்வளவுதான்:

"நான் குடியிருக்கும் அறையிலிருந்து முந்நூறு அடி தூரத்தில் மூலக்கொத்தளம் மயானம் இருக்கிறது. என் மனைவியை அங்கே அடக்கம் செய்திருக்கிறேன். பதினான்கு வருஷங்களாக வெள்ளிக்கிழமைதோறும் அங்கே போய் வருகிறேன். எனக்கும் அதன் பக்கத்திலேயே இடம் கேட்டு வைத்திருக்கிறேன். ஆகையால் திரும்பி வந்துவிடுவேன்."

நேயர்களே, நான் இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்து வருகிறவன். அந்த ஐந்து வாக்கியங்களை இங்கிலீஷில் ஆக்க எனக்கு இரவு பதினொரு மணி ஆயிற்று.

அந்த மயானத்தைப் பற்றி வெளியார் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கட்டாய ஹிந்தியை எதிர்த்துச் சிறை புகுந்து 1939-ல் உயிர் நீத்த நடராசன், தாளமுத்து இருவரும் அங்கேதான் உறங்குகிறார்கள். மனைவியின் சமாதிக்குப் பூ வைத்துவிட்டு வரும் வழியில் ஐயா அங்கேயும் ஒரு நிமிஷம் நிற்பது வழக்கம். அதையும் கடிதத்தில் சேர்க்கலாமா என்று கேட்டேன். "அது அவர்களுக்கு எதற்கு? அது நம் வீட்டு விஷயம்" என்று சொல்லிவிட்டார்.

கம்பெனிக்காரர் கடிதத்தைப் பார்த்து, "இதை வைக்காதீங்க சார், சிரிப்பாங்க" என்றார். வைத்தோம்.

மார்ச் மாதக் கடைசியில் மனுக்கள் போயின. சாதாரணமாகப் பதினைந்து நாளில் முடிவு சொல்ல வேண்டும்; அவசியமானால் நாற்பத்தைந்து நாள் வரையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. காத்திருக்கும் காலத்தை வீணாக்கக் கூடாதென்று தேகப்பயிற்சி ஆசிரியர் எங்களை நடக்க வைத்தார். ரோமாபுரியில் வீதிகளெல்லாம் கருங்கல் பாவியவை. செருப்புத் தேயும், முழங்கால் தேயும் என்று பயமுறுத்திக் காலை ஐந்தரை மணிக்கு எல்லோரையும் தெருவில் நிறுத்தினார். மூலக்கொத்தளத்தில் புறப்பட்டு, 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட ராயபுரம் ஸ்டேஷன் வரையில் போய்த் திரும்புவது. ஸ்டேஷன் வாசலில் டீ. டீக்கடைக்காரர் முதல் நாள் எங்களை ஊர்வலம் என்று நினைத்து, "எந்தக் கட்சி?" என்று கேட்டார். இரண்டாம் வாரம் அவரே தலைமை ஆசிரியைக்கு "கிராத்ஸியே" சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார். அது இத்தாலிய பாஷையில் வந்தனம். எங்களில் நால்வருக்கு இன்னும் அது வாயில் நுழையவில்லை. ஐயா கோலை ஊன்றிக்கொண்டு பின்னால் வருவார். ஒரு நாளும் அவர் வரும்வரை நாங்கள் டீ குடித்ததில்லை.

இனி உள்துறை. சமையலறைக் கதவில் 40 என்ற எண் இருந்த நாளில் என் மனைவி பொடிகள் இடிக்கத் தொடங்கினாள். பருப்புப் பொடி, பூண்டுப் பொடி, எள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல். இவற்றுக்கெல்லாம் ஆதாரமாக ஊத்துக்குளி வெண்ணெய் காய்ச்சி ஒன்றரை லிட்டர் நெய். சீசாவின் கழுத்தில் துணி கட்டி அரக்கு வைக்கும்போதுதான் நான் ஒரு விதியைப் படித்துச் சொன்னேன். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வரும் பிரயாணிகள் மாமிசம், பால், பாலிலிருந்து செய்த பண்டம் எதுவும் கொண்டுவரக் கூடாது. குழந்தைகளுக்கான பால் மாவு போன்ற சிலவற்றுக்கே விலக்கு. கால்நடைகளுக்கு வியாதி பரவாமல் இருக்க இந்தக் கட்டுப்பாடு.

"நெய் கூடவா?"

"நெய் கூடத்தான்."

"என்னங்க, நெய்யில்லாமல் பருப்புப் பொடியை எப்படிச் சாப்பிடுவது?"

"நல்லெண்ணெய்?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பால்கோவா போயிற்று. பச்சைக் கருவேப்பிலையும் போயிற்று. செடி, இலைகளுக்குப் பயிர்நோய்ச் சான்று வேண்டும். கொப்பரைத் தேங்காய் தானே தீப்பற்றக்கூடிய வஸ்து என்று விமானத்தில் ஏற்ற மறுக்கிறார்கள். மைசூர்பாகு விஷயத்தில் எங்கள் குழுவில் இரண்டு கட்சிகள் உண்டாயின. அது தின்பண்டமா, நெய்யா என்று நாலு நாள் வாட்ஸப்பில் விவாதித்து, கடைசியில் சந்தேகத்தின் பலனைச் சட்டத்துக்கே கொடுத்து, செய்த மைசூர்பாகை இங்கேயே தீர்த்துவிட்டோம். அந்தத் தீர்ப்பில் யாருக்கும் வருத்தமில்லை.

பெட்டி நிறைவதற்குள் என் மனைவிக்கு ஒரு கதை சொன்னேன். 1931-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி வட்டமேஜை மகாநாட்டுக்காக மகாத்மா காந்தி பம்பாயில் ராஜபுதனா கப்பல் ஏறினார். கூட வந்தவர்கள் கொண்டுவந்த மூட்டை முடிச்சுகளைக் கண்டு கோபித்துக்கொண்டு, தேவையில்லாத பெட்டிகளை ஏடன் துறைமுகத்திலிருந்தே ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார். திரும்பும் வழியில் டிசம்பர் மாதத்தில் ரோமாபுரியிலும் தங்கினார். போப்பாண்டவரைச் சந்திக்க வாய்க்கவில்லை. வாடிகனில் சிலுவையில் தொங்கும் ஏசுவின் உருவத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்று உள்ளம் உருகினார். முழங்கால் தெரியும் அதே உடையில்தான். இன்று அங்கேயுள்ள கோவில்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். துறைமுகத்து நண்பருக்கு வேஷ்டியில் ஆட்சேபம் இராது. அதை மடித்துக் கட்டும் வழக்கத்தில்தான் ஆபத்து. என் மனைவி கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "காந்திக்குக் கூட ஆட்டுப்பால் கொடுத்தாங்க இல்லே?" என்றாள். பெட்டியிலிருந்து ஒன்றும் குறையவில்லை. டிக்கெட்டில் எழுதியிருப்பது தலைக்கு 23 கிலோ. வீட்டில் மீன் நிறுக்கும் வில்தராசு ஒன்று கொக்கியில் தொங்குகிறது, காசிமேட்டிலிருந்து இரவல்.

இப்படி நாங்கள் பொடியும் தராசுமாக இருந்தபோது, மூன்றாவது வாரத்தில் பாஸ்போர்ட்டுகள் வரத் தொடங்கின. ஒரே நாளில் ஆறு. மறுநாள் ஐந்து. ஒன்று வரவில்லை.

பத்து நாள் ஆயிற்று. இருபது நாள் ஆயிற்று. கதவில் எண்கள் குறைந்துகொண்டே வந்தன. ஐயா இல்லாமல் போவதா என்ற பேச்சு எழுந்தது. எழுந்த மாத்திரத்தில் அடங்கியது. எல்லோருமே நின்றுவிட்டால் நாலு வருஷப் பணத்தில் பெரும் பகுதி திரும்பாது. அதைச் சொல்லவும் ஒருவருக்கும் நா எழவில்லை. தலைமை ஆசிரியை மட்டும், "நாம் போகாவிட்டால் அவருக்குத்தான் மனசு ஒடியும்" என்றார். அது உண்மை. ஐயாவே நர்ஸ் அம்மாளைக் கூப்பிட்டு, காஸ்திலியோனேயில் எதையெதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஊரிலேயே 1568-ல் பிறந்த அர்ச். அலோசியஸ் கொன்ஸாகாவின் கோவில், செஞ்சிலுவைப் பொருட்காட்சி சாலை, பழைய வீதிகள். "போட்டோ வேண்டாம், அம்மா. கல் எப்படி இருந்தது, வெயில் எப்படி இருந்தது என்று வந்து சொன்னால் போதும்."

அந்தச் சமயத்தில்தான் சீசா விஷயம் தெரிந்தது. பிப்ரவரி மாதத்தில் ஐயா யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி அரியலூர்ப் பக்கத்து ஏலாக்குறிச்சிக்குப் போயிருக்கிறார். வீரமாமுனிவர் அடைக்கல மாதாவுக்குக் கோவில் எழுப்பிய ஊர் அது. அங்கேயிருந்து ஒரு ஹார்லிக்ஸ் சீசாவில் மண் எடுத்து வந்திருக்கிறார். ஊரை விட்டுப் போன மனிதர் ஊர் திரும்பவே இல்லை. அவர் நடந்த மண்ணாவது திரும்பட்டும் என்று நினைத்தாராம். நான் நெய்க்காகப் படித்த அதே விதிகளைத் தேடிப் பார்த்தபோது, வெளித் தேசத்து மண்ணுக்கும் அங்கே தடை என்று தெரிந்தது. செடிகளுக்கு வியாதி வரும் என்ற பயம். அவரிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். சொன்னேன். "சரிதான், தம்பி. அவர்களுடைய பயிர் அவர்களுக்கு முக்கியம் அல்லவா?" என்று சொல்லி, சீசாவை ஜன்னலில் வைத்துவிட்டார்.

நேற்று மாலை நாலரை மணிக்கு, நாங்கள் அச்சாபீஸில் பெட்டிகளுக்குப் பெயர்ச்சீட்டு அடித்துக்கொண்டிருந்தபோது, தபால் கூரியர் பையன் சைக்கிளை நிறுத்தி ஐயாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். கையெழுத்துப் போடும்போது ஐயாவின் கை ஆடியது. உறையைப் பிரிக்க என்னிடம் கொடுத்தார். நான் பக்கங்களைப் புரட்டினேன். பன்னிரண்டாம் பக்கமோ பதின்மூன்றாம் பக்கமோ, அதில் சிரிக்காத முகத்துடன் ஐயாவின் போட்டோ ஒட்டிய விஸா இருந்தது.

அந்தக் கடிதத்தை அங்கே யார் படித்தார்கள், படித்தார்களா என்பது எங்களுக்குத் தெரியப் போவதில்லை. தேகப்பயிற்சி ஆசிரியர் விசிலை எடுத்து ஊதிவிட்டார். கணித ஆசிரியர் ஜேபியிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். ஐயா மட்டும் பாஸ்போர்ட்டை வாங்கி ஜிப்பாவில் போட்டுக்கொண்டு, கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நேற்று வெள்ளிக்கிழமை அல்ல. ஆயினும் அறைக்குப் போய் ஜன்னலிலிருந்த சீசாவைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் மயானத்துப் பக்கம் போவதை நர்ஸ் அம்மாள் பார்த்தார். இருட்டின பிறகு வெறுஞ்சீசாவோடு திரும்பினார்.

இரவு எட்டு மணிக்கு அவருடைய பெட்டியைத் தராசில் மாட்டினோம். 11 கிலோ. அதில் சதுரகராதி ஒன்று, இரண்டு வேஷ்டி, ஒரு கம்பளி, மருந்துகள். இன்னும் 12 கிலோவுக்கு இடமிருக்கிறதே என்று தெரிந்த கணம், எங்கள் வீட்டுப் பூண்டுப் பொடிச் சீசாக்கள் நாலும் புளிக்காய்ச்சலும் அங்கே குடிபெயர்ந்தன.